முதலில் பாறையைத் தேர்ந்தெடுங்கள், கூடாரம் பிறகு

கையில் பணம் குறைவு. மலையில் சில நாள் தங்கிப் பாறை ஏற வேண்டும் என்ற ஆசையோ அதிகம். இந்த நிலையில் திட்டம் போட உட்காரும் பலரும் முதலில் விலை விசாரிப்பது கூடாரத்தைத்தான். ஆனால் மொத்தச் செலவை ஏற்றுவதும் இறக்குவதும் எந்த வகைப் பாறையேற்றம் என்ற முடிவுதான். அது முடிவாகிவிட்டால் எவ்வளவு சுமை, எத்தனை பேர், முகாம் எங்கே, எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது என்ற கேள்விகளில் பாதி தாமாகவே தீர்ந்துவிடும். அதனால் இந்த ஒப்பீட்டைப் பாறையிலிருந்தே தொடங்குகிறேன்.

பணம் போதவில்லை என்றால் திட்டத்தைச் சிறிதாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பெரிய திட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு மட்டமான பொருள்களால் ஒப்பேற்றப் பார்ப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்த வகை ஏற்றம்?

பொருள் கணக்கில் மிக எளியது பௌல்டரிங். நாலைந்து மீட்டர் உயரமுள்ள பாறைகளில் கயிறு இல்லாமல் ஏறுவது. ஆளுக்கு ஒரு ஜோடி ஏறும் காலணி, கை வியர்வையை உறிஞ்ச மெக்னீசியம் கார்பனேட் பொடி, விழுந்தால் தாங்க ஒரு மெத்தை. மெத்தையைக் குழு முழுவதும் பகிர்ந்துகொள்ளலாம். ஆல்ப்ஸ் மலைக்குப் போகுமுன் பயிற்சி எடுக்கப் பாரிஸ் நகர மலையேறிகள் ஃபோன்டேன்ப்ளோ காட்டின் சிறு பாறைகளுக்குப் போனதிலிருந்து வளர்ந்த விளையாட்டு இது. நகரத்துக்கு அருகில், குறைந்த பொருளோடு ஏறலாம் என்பதே அதன் கவர்ச்சி. மலைப் பயணத்தில் அந்தக் கவர்ச்சி பாதியாகிவிடுகிறது. மெத்தை ஐந்து கிலோவுக்கு மேல் இருக்கும். மடித்தாலும் முதுகை முழுக்க மறைக்கும். அதோடு கூடாரத்தையும் தூக்கப் பையையும் சுமந்துகொண்டு, காற்றடிக்கும் சரிவில் இரண்டு மணி நேரம் நடப்பது பெரும்பாடு. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பௌல்டரிங்கில் எந்த விழுகையும் தரையில்தான் முடியும். கணுக்காலும் மணிக்கட்டும்தான் முதலில் அடிபடும். கீழே நிற்பவரால் விழுபவரை ஏந்த முடியாது. மெத்தையின் பக்கம் திருப்பிவிட்டுத் தலை அடிபடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. அதை அறியாத நண்பர்களோடு, மருத்துவ உதவி எட்டாத இடத்தில், சின்னப் பாறைதானே என்று ஏறுவதை நான் ஆதரிக்க மாட்டேன். பாறைகள் முகாமுக்குப் பக்கத்திலேயே, சமதரையில் இருந்தால் மட்டும் இதைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது டாப் ரோப். பாறையின் உச்சியில் ஆங்கர் (கயிற்றைத் தாங்கும் பிடிமானம்) கட்டி, கயிற்றை அதன் வழியே விட்டு, ஒரு முனையில் ஏறுபவரும் மறுபக்கத்தில் பெலே செய்பவருமாக (கீழே நின்று கயிற்றைக் கட்டுப்படுத்தி, விழுந்தால் நிறுத்துபவர்) ஏறும் முறை. கை வழுக்கினாலும் கயிறு மேலிருந்து தாங்குவதால் விழுகை மிகச் சிறியது. நான்கு பேர் போனால் ஒரு கயிறு, ஒரு பெலே கருவி, ஆங்கருக்குச் சில ஸ்லிங்குகள் (வலுவான பட்டை வளையங்கள்), பூட்டுள்ள காரபினர்கள் (வாய் திறந்து மூடும் உலோகக் கொக்கிகள்) போதும். ஹார்னஸும் (இடுப்பிலும் தொடையிலும் கட்டும் பட்டை) ஹெல்மெட்டும் காலணியும் மட்டும் ஆளுக்கு ஒன்று. இந்தப் பட்டியலில் பெரும்பகுதி நால்வருக்கும் பொது என்பதுதான் முக்கியம். தலைக்கு விழும் செலவையும் ஒரு நாளில் ஏறக் கிடைக்கும் தூரத்தையும் சேர்த்துப் பார்த்தால் இதற்கு நிகர் எதுவும் இல்லை. இதையே முதல் தேர்வாகச் சொல்கிறேன்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: பாறையின் உச்சிக்குப் பின்பக்கமாக நடந்து போகும் வழி இருக்க வேண்டும். ஆங்கர் கட்டத் தெரிந்தவர் ஒருவராவது குழுவில் இருக்க வேண்டும். ஆங்கர் என்றால் கயிற்றை மரத்தில் கட்டித் தொங்கவிடுவது என்று நினைப்பவர்கள் உச்சியில் ஒரு முறை கவனித்துப் பார்க்க வேண்டும். ஒன்றையொன்று சாராத இரண்டு பிடிமானங்கள். ஒன்று போனாலும் மற்றது முழுச் சுமையையும் தாங்க வேண்டும். இரண்டிலிருந்தும் வரும் ஸ்லிங்குகள் சந்திக்கும் இடத்தில் பூட்டுள்ள இரண்டு காரபினர்கள், வாய் எதிரெதிராக. அந்தக் காரபினர்கள் பாறை விளிம்பைத் தாண்டிக் கீழே தொங்க வேண்டும். விளிம்புக்கு உள்ளேயே நின்றுவிட்டால், ஏறுபவர் ஒவ்வொரு முறை அமரும்போதும் கயிறு விளிம்பில் உரசும். ஒரு பிற்பகலுக்குள் மேலுறை பஞ்சு பஞ்சாகக் கிளம்பியிருக்கும். ஸ்லிங்குகள் விளிம்பைத் தொடும் இடத்தில் தடித்த துணியோ பழைய கம்பளத் துண்டோ வைத்து, அது நழுவாமல் கட்டிவிடுவது நல்லது. முப்பது மீட்டர்ப் பாறையில் இழுபடும் கயிறு மொத்தம் அறுபது மீட்டர். லீடு ஏற்றத்துக்கான (முதலில் ஏறுபவர் கயிற்றைக் கீழிருந்து மேலே கொண்டுபோகும் முறை), நீண்டு கொடுக்கும் டைனமிக் கயிறு என்றால், தரையிலிருந்து முதல் ஓரிரு மீட்டருக்குள் விழுபவர் கயிறு நீளுவதாலேயே தரையைத் தொட்டுவிடலாம். அந்த உயரம் தாண்டும்வரை பெலே செய்பவர் கயிற்றைச் சற்று இறுக்கமாகவே வைத்திருக்க வேண்டும்.

ஸ்போர்ட் கிளைம்பிங்கில் பாறையில் ஏற்கெனவே போல்ட் அடிக்கப்பட்டிருக்கும். முதலில் ஏறுபவர் ஒவ்வொரு போல்ட்டிலும் குவிக்டிராவை (இரு முனையிலும் காரபினர் உள்ள சிறு பட்டை) மாட்டி, அதில் கயிற்றைக் கோத்துக்கொண்டே போவார். டாப் ரோப்பைவிடக் கூடுதலாக வேண்டியவை சுமார் பன்னிரண்டு குவிக்டிராக்களும் டைனமிக் கயிறும் லீடு பயிற்சியும். பாறையின் உச்சிக்கு நடை வழி இல்லாத இடங்களும் திறந்துகொள்ளும் என்பது இதன் ஆதாயம். ஆனால் போல்ட்டைத் தாண்டி இரண்டு மீட்டர் ஏறியவர் வழுக்கினால் அதற்கு இருமடங்குக்கு மேல் விழுவார். போல்ட்டின் நிலையும் நம் கையில் இல்லை. துரு வழிந்த கறை, விரலால் சுற்றும் தளர்ந்த நட், ஆடும் தகடு ஆகியவற்றைக் கண்டால் இறங்கிவிட வேண்டும். கயிற்றின் நீளம் பாதை உயரத்தின் இருமடங்காவது இருக்க வேண்டும். அறுபது மீட்டர்க் கயிற்றுக்கு முப்பது மீட்டர்ப் பாதைதான் எல்லை. முனையில் முடிச்சுப் போடாமல் கீழே இறக்கும்போது கயிற்றின் நுனி பெலே கருவி வழியே நழுவிப்போய் நேர்ந்த விபத்துகள் பல. ஒரு முடிச்சு அதைத் தடுக்கும். அதற்குக் காசும் ஆகாது.

டிராட் வகையில் பாதுகாப்புப் பொருள்களை ஏறுபவரே பாறை வெடிப்புகளில் பொருத்திக்கொண்டு போக வேண்டும். பிரிட்டன் மலையேறிகள் ஒரு காலத்தில் சாதாரண இயந்திர நட்டுகளில் கயிறு கோத்து வெடிப்பில் செருகிப் பார்த்ததில் தொடங்கி, 1978-இல் ‘ஃப்ரெண்ட்ஸ்’ என்ற பெயரில் வெடிப்புக்குள் விரிந்து பிடிக்கும் கேம் கருவிகள் சந்தைக்கு வந்தன. இன்று அளவுக்கு ஒன்றாக ஒரு தொகுதி கேம்களும் நட்டுகளும் வாங்கினால் இந்தப் பயணத்தின் மற்ற எல்லாப் பொருள்களின் விலையையும் அது தாண்டிவிடும். அதைவிட அரியது, பொருத்தியது தாங்குமா என்று பார்த்துச் சொல்லும் கண். அது பல பருவங்கள் அனுபவசாலியின் பின்னால் ஏறித்தான் வரும். சொந்தக் கருவிகளோடு அப்படி ஒருவர் உங்களோடு வருகிறார் என்றால் அது பெரிய வாய்ப்பு. இல்லையென்றால் குறைந்த செலவுத் திட்டத்தில் டிராடுக்கு இடமில்லை.

கயிறும் வேண்டாம், காலணியும் வேண்டாம், கை வைத்து ஏறும் எளிய முகடு போதும் என்பவர்களும் இருக்கிறார்கள். செலவு கிட்டத்தட்ட இல்லை என்பதால் இதுதான் மலிவு என்று தோன்றும். ஆனால் ஏறுவதைவிட இறங்குவது கடினம். ஏறும்போது கண்ணெதிரே இருந்த பிடிகள் இறங்கும்போது காலடியில் மறைந்துவிடும். மழை பெய்து பாறை நனைந்தால் அதே வழி வேறொரு வழியாக மாறிவிடும். வந்த வழியே இறங்க முடியும் என்று ஒவ்வொரு படியிலும் தெரிந்தால் ஏறலாம், தெரியாவிட்டால் திரும்பலாம். அந்தக் கட்டுப்பாடு உள்ளவர்களுக்கு இது அருமையான தேர்வு. மற்றவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

வாங்குவதா, வாடகையா, பழையதா?

எல்லாப் பொருளுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. துணியும் நூலும் ஆனவை ஒரு பக்கம், உலோகம் ஒரு பக்கம் என்று பிரித்துக்கொண்டால் குழப்பம் குறையும்.

கயிறு, ஹார்னஸ், ஸ்லிங் மூன்றும் பெரும்பாலும் நைலான் போன்ற இழைகளால் ஆனவை. வெயில், மணல், விழுகை எல்லாம் அவற்றை மெல்ல மெல்லத் தேய்க்கும். பேட்டரி அமிலம் பட்ட கயிறு வெளியே புதிதுபோலத் தெரிந்து உள்ளே வலுவிழந்திருக்கலாம். பயன்படுத்தாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் வேண்டாம் என்று உற்பத்தியாளர்கள் பலர் எல்லை வகுத்திருக்கிறார்கள். ஆகவே வரலாறு தெரியாத பழைய கயிற்றை என்ன விலைக்குக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. புதிதாக வாங்க வேண்டும். அல்லது ஒவ்வொரு கயிறும் எப்போது வாங்கியது, எப்படிப் பயன்பட்டது என்று பதிவு வைத்திருக்கும் பள்ளியிலோ சங்கத்திலோ வாடகைக்கு எடுக்க வேண்டும்.

சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பான யு.ஐ.ஏ.ஏ. தரத்தின்படி, ஒற்றையாகப் பயன்படும் டைனமிக் கயிறு 80 கிலோ எடையை வைத்துச் செய்யும் கடுமையான விழுகைச் சோதனையில் குறைந்தது 5 முறை அறாமல் தாங்க வேண்டும். முதல் விழுகையில் எடையின் மேல் வரும் அதிர்வு விசை 12 கிலோ நியூட்டனைத் தாண்டக் கூடாது. நீண்டு கொடுத்து அதிர்ச்சியை உள்வாங்கும் இந்தக் குணம்தான் விலையைக் கூட்டுகிறது. கட்டுமான வேலைக்கு விற்கும் கயிறு எடையைத் தாங்கலாம், ஆனால் விழுபவரின் உடல் அந்த அதிர்ச்சியைத் தாங்காது. அதிகம் நீளாத ஸ்டாட்டிக் வகைக் கயிறுகளில் மலையேற்றத் தரச் சான்று பெற்றவை டாப் ரோப்புக்கு நன்றாக உதவும், உரசலையும் தாங்கும். லீடுக்கு அவற்றைத் தொடவே கூடாது.

வாடகைக்கு எடுத்த கயிற்றைக் கடையிலேயே பிரித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரல்களுக்கிடையே மெதுவாக ஓடவிடுங்கள். அறுபது மீட்டருக்குப் பத்து நிமிடம் ஆகும். தடிமன் திடீரெனக் குறைகிற இடம், தட்டையாக அமுங்குகிற இடம், கட்டியாக இடறுகிற இடம் எதிலும் விரல் நிற்க வேண்டும். சந்தேகமான இடத்தைச் சிறு வளையமாக மடித்துப் பாருங்கள். நல்ல கயிறு வட்டமாக வளையும். உள்ளிழை சிதைந்த கயிறு காகிதம்போலக் கூராக மடியும். மேலுறை கிழிந்து வெள்ளை உள்ளிழை தெரிந்தால் பேச்சே இல்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இந்தச் சோதனையைச் செய்ய விடாத கடையில் வாடகைக்கு எடுக்க வேண்டாம்.

உலோகப் பொருள்களில் சற்றுத் தாராளமாக இருக்கலாம். நன்கு தெரிந்தவர் தரும் பழைய காரபினரின் வாய் தானாகச் சடாரென்று மூடுகிறதா, பூட்டு முழுதாகத் திருகுகிறதா, கயிறு ஓடி ஓடி உள்வளைவில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். பள்ளத்தின் விளிம்பு விரலுக்குக் கூராகப் பட்டால் அது கயிற்றையும் அறுக்கும். சாவிக்கொத்துக்கு விற்கும் காரபினர் உருவத்தில் மட்டும்தான் காரபினர். தாங்கும் விசை கிலோ நியூட்டனில் உடலிலேயே பொறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

காலணியைத் தாராளமாக வாடகைக்கு எடுக்கலாம், பழையதும் வாங்கலாம். தேய்ந்தால் அடிப்பாகத்தை மாற்றிக்கொள்ளலாம். ஹெல்மெட் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. பலமாக அடிபட்ட ஹெல்மெட்டின் நுரைப்பகுதி உள்ளே நசுங்கியிருந்தால் வெளியே தெரியாமல் போகலாம். கைக்குக் கை மாறிய ஹெல்மெட்டைவிட, சான்று பெற்றதில் மிக மலிவான புதிய ஹெல்மெட்டே மேல்.

இரவு எங்கே?

குடிசை, கூடாரம், தார்ப்பாய், திறந்தவெளி என்று நான்கு வழிகள். மலைக்குடிசையில் படுக்கைக்குக் கொடுக்கும் பணம் வீண்செலவாகத் தோன்றும். ஆனால் கூடாரம், கனத்த தூக்கப் பை, சில இடங்களில் அடுப்பும்கூடத் தேவையில்லாமல் போகிறது. ஒன்றிரண்டு இரவுக்கு, சொந்தப் பொருள் எதுவும் இல்லாதவர்களுக்கு, குடிசைதான் சிக்கனம். நாள் கூடக்கூடக் கணக்கு கூடாரத்தின் பக்கம் சாயும்.

கூடாரமா தார்ப்பாயா என்பதில் பலர் எடையை மட்டும் பேசுகிறார்கள். மலிவான இருவர் கூடாரம் மூன்று கிலோ சுமாருக்கு இருக்கும். மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் மெல்லிய தார்ப்பாய் ஒரு கிலோவுக்குள் அடங்கும், விலையும் குறைவு. மரங்கள் வளரும் உயர எல்லைக்குக் கீழே, பூச்சி குறைந்த பருவத்தில், காற்று ஒரே திசையில் வீசும் இடத்தில் தார்ப்பாய் போதும். இரண்டு மரங்களுக்கிடையே கயிறு கட்டி, காற்று வரும் பக்கத்தைத் தரையோடு தாழ்த்தி, மறுபக்கத்தைச் சற்றே உயர்த்திவிட்டால் மழையையும் தாங்கும், காற்றோட்டமும் இருக்கும். மலிவான ஒற்றை உறைக் கூடாரத்தில் மூச்சுக்காற்றின் ஈரம் இரவெல்லாம் உள்ளே படிந்து விடிகாலையில் முகத்தில் சொட்டும். தார்ப்பாயில் அந்தத் தொல்லை குறைவு. மரமில்லாத உயரத்தில், காற்று திசை மாறி மாறி அடிக்கும் முகட்டில் தார்ப்பாயை நம்பாதீர்கள். அங்கே கூடாரம் வேண்டும், வாடகைக்காவது. வானிலை உறுதியாக இருந்தால் ஒழியத் திறந்தவெளியை நான் எண்ணுவதே இல்லை.

கூரையைவிடக் குளிரைத் தீர்மானிப்பது படுக்கை. ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். அடிவார ஊரின் வானிலை அறிக்கையைப் பார்த்துப் பை எடுப்பவர்கள் இந்தக் கழித்தலைச் செய்துகொள்ள வேண்டும். தூக்கப் பைகளில் ஐ.எஸ்.ஓ. 23537 தரப்படி சௌகரிய வெப்பநிலை, கீழெல்லை, அதீத எல்லை என மூன்று எண்கள் இருக்கும். அதீத எல்லை என்பது உயிர் தப்புவதைப் பற்றிய எண். பையின் மேல் பெரிதாக அச்சடித்திருப்பது எந்த எண் என்று பார்த்து, சௌகரிய எண்ணை வைத்தே முடிவெடுங்கள்.

பைக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை அடியில் விரிக்கும் பாய்க்குத் திருப்புங்கள் என்பேன். உடல் எடையில் நசுங்கிய பஞ்சு அடிப்பக்கக் குளிரைத் தடுக்காது. தரைக்குப் போகும் சூட்டை நிறுத்துவது பாய்தான். பாயின் காப்புத்திறனை ஆர் மதிப்பு என்று சொல்வார்கள். மலிவான நுரைப்பாய்க்கு அது ஏறக்குறைய 2. இரண்டு பாய்களை அடுக்கினால் மதிப்புகளும் கூடும். எனவே குளிர் இரவுக்கு விலையுயர்ந்த காற்றுப்பாய் ஒன்றுக்குப் பதில் நுரைப்பாய் இரண்டு போதும். அவை ஓட்டை விழுந்து வீணாவதும் இல்லை.

ஒரே முகாமா, நகரும் முகாமா?

ஒரே முகாம், சந்தேகமே இல்லாமல். 9.8 மில்லிமீட்டர் தடிமனில் அறுபது மீட்டர்க் கயிறு மட்டும் நான்கு கிலோவை நெருங்கும். அதோடு தினமும் கூடாரத்தைப் பிரித்து நகர வேண்டுமென்றால் எடை குறைந்த, விலை கூடிய பொருள்கள் தேவைப்படும். பாறைக்கு ஒரு மணி நடைக்குள், தண்ணீருக்கு அருகில், ஆனால் நீரோடையிலிருந்து அறுபது மீட்டராவது தள்ளி முகாம் அமைத்தால் மூன்று கிலோக் கூடாரமும் பாரமாகாது. மூவாயிரம் மீட்டருக்கு மேல் முகாம் என்றால் தூங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. அதற்கான கூடுதல் நாள்களும் செலவுதான். தாழ்ந்த மலைகளைத் தேர்ந்தெடுப்பதற்கு இது இன்னொரு காரணம்.

அடுப்பில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. ஸ்பிரிட் அடுப்பு மிக மலிவு. ஆனால் பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரியாது, அணைந்துவிட்டதென்று நினைத்து ஊற்றியவர்களுக்குத் தீக்காயம்தான். கேஸ் அடுப்பைத் திருகினால் எரியும். ஆனால் வெறும் பியூட்டேன் உறைநிலைக் குளிரில் ஆவியாகாது. ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த குப்பியாக வாங்க வேண்டும். விமானத்தில் எந்தக் குப்பியும் ஏறாது. மூவாயிரம் மீட்டரில் தண்ணீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் வேகும் நேரம் நீளும், எரிபொருளைக் கூட்டி எடுங்கள். மூடிய கூடாரத்துக்குள் எந்த அடுப்பையும் பற்ற வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

வழிகாட்டிக்குச் செலவிடலாமா?

முழுப் பயணத்துக்கும் வழிகாட்டி வைத்தால் சிக்கனம் போய்விடும். யாருமே வேண்டாம் என்றால், அனுபவசாலி இல்லாத குழு டாப் ரோப் ஆங்கரைக்கூட ஊகத்தில் கட்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது: முதல் நாளுக்கு மட்டும் தகுதிச் சான்று உள்ள பயிற்சியாளர். கூலியை நான்காகப் பிரித்துக்கொள்ளலாம். கூட்டமில்லாத பருவ ஓரத்து நாள்களில், வார நாளில் கேட்டால் நேரமும் நிதானமாகக் கிடைக்கும். கூடாரத்தை வாடகைக்கு மாற்றியதிலும் இரண்டு பாய்களிலும் மிச்சப்பட்டது இதற்கு ஈடாகலாம். ஈடாகாவிட்டாலும் ஒரு நாள் பயணத்தைக் குறைத்தாவது இதைச் செய்யுங்கள். அந்த நாளில் புதுப் பாதைகள் ஏறிப் பார்க்க அவசரப்பட வேண்டாம். நீங்கள் மறுநாள் தனியே ஏறப்போகும் அதே பாறைக்கு அவரை அழைத்துப் போய், ஆங்கரை நால்வரும் ஆளுக்கொரு முறை அவர் பார்த்திருக்கக் கட்டி, ஏறுமுன் ஒருவர் முடிச்சையும் ஹார்னஸ் பக்கிளையும் மற்றவர் கையால் தொட்டுச் சரிபார்த்து, கயிற்றில் ஆளை நிறுத்தி நிதானமாக இறக்கிக் காட்டுங்கள். அவர் தயங்குகிற இடத்தில் மறுபடி கேளுங்கள்.